மேலே நாலு விரல் இடம்

ஐயா, இந்தத் தாளின் உச்சியிலிருந்தே எழுத ஆரம்பித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். தேதி போடக்கூட மேலே இடம் விடவில்லை. நலமா, சாப்பிட்டாயா என்று கேட்டு ஒரு பத்தியை வீணாக்கப் போவதும் இல்லை. போன ஞாயிறுதானே வந்து, வயிறு சரியில்லை சரியில்லை என்று சொல்லிக்கொண்டே ஏழு தோசை தின்றுவிட்டுப் போனாய்! எழுத்து வழக்கத்தைவிட அழுத்தமாக இருக்கிறதே என்று யோசிக்காதே. அடியில் கார்பன் தாள் வைத்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆபீசில் டைப் அடித்துக் கிராணி வேலை பார்த்தவளுக்கு நகல் இல்லாமல் எழுதினால் கை ஓடாது. அந்த நகல் யாருக்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் தாண்டிப் போய்ப் பார்க்காதே. உன் புத்தி எனக்குத் தெரியும்.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கிள்ளான் வரைக்கும் ஒரே ஜாம் என்று அலுத்துக்கொண்டு வந்தவன், காலைக் கழுவக்கூட இல்லை, உன் கம்பெனிக் கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்தாய். பிரிக்பீல்ட்ஸில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வீடுகளை வரிசை வரிசையாக உடைக்க ஆரம்பித்து, எந்த வரிசை எந்த வாரம் என்று தெரியாமல் சனங்கள் அல்லாடியபோது, நீயும் உன் கூட்டாளியும் இன்டர்நெட்டில் ஒரு பலகை திறந்தீர்கள். நோட்டீஸ் கிடைத்தவர்கள் அதில் எழுதிப் போட்டார்கள், கிடைக்காதவர்கள் கேட்டார்கள், கோபம் வந்தவர்கள் திட்டினார்கள். எல்லாம் புனைபெயரில். இந்தக் காலத்துப் பிள்ளைகள் செய்ததில் எனக்குப் பிடித்த ஒரே காரியம் அதுதான், உன் முகத்துக்கு நேரே சொல்லவில்லையே தவிர. இப்போது அந்தப் பலகைக்கு ஓர் அரசாங்க அதிகாரி வந்திருக்கிறார், நம்ம ஆள், என் வயசுதான், ரொம்ப நல்ல மாதிரி என்றாய். வாழை இலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுப் போனாராம். 'சனங்க சொல்றத நேரா கேக்கணும்னு மேலிடமே ஆசைப்படுது' என்றாராம். திங்கட்கிழமையிலிருந்து பலகையில் எழுதுகிற ஒவ்வொருவரும் சொந்தப் பெயர், அடையாளக் கார்டு ஐ.சி. நம்பர், வீட்டு நம்பர் மூன்றையும் பதிய வேண்டும், பதிந்தவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு அரசாங்கமே பதில் சொல்லும் என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பதிகிற பக்கத்தை நீயே செய்து முடித்திருந்தாய். வரிசையாகக் கட்டங்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர். மேலே மட்டும் வெள்ளையாக ஒரு பட்டை.

'மேல ஏன்டா காலியா கிடக்கு?' என்று கேட்டேன். 'அதும்மா, தலைப்பும் ரெண்டு வரி விளக்கமும் அவங்க பிறகு அனுப்புவாங்க. இடம் விட்டு வைக்கச் சொன்னாங்க. சும்மா ஃபார்மலிட்டி லா' என்றாய். எனக்குக் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. கல்லில் இருந்த தோசை கருகி வாடை வந்த பிறகுதான் திருப்பினேன். என்னம்மா என்று நீ பதறினாய். சர்க்கரை இறங்கிவிட்டது போல என்றேன். பொய். எனக்குச் சர்க்கரை ஏறுமே தவிர இறங்கி நீ பார்த்திருக்கிறாயா? பயம், ஐயா. அந்த வெள்ளைப் பட்டையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் இல்லை, ஃபுல்ஸ்கேப் தாளில். அதை விட்டு வைத்தவளே நான்தான்.

நான் கிராணியாக இருந்தது உனக்குத் தெரியும். எந்த அலுவலகம் என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. எழுபதுகளில் என்னை அங்கே எதற்குச் சேர்த்தார்கள் என்பதுதான் உனக்குத் தெரியாது. மலாய் சுற்றறிக்கையைத் தமிழில் எழுதுவதற்கும், அதை வண்டியில் போய் வாசிப்பதற்கும். சாம்பல் நிற வண்டி, தலையில் இரண்டு ஒலிபெருக்கி. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அந்த மணியோசை உன் அம்மாதான். பாசார் சந்து, துறைமுகத்துக் குடியிருப்பு, எஸ்டேட் லயம், எங்கே போனாலும் பெண்கள் கை ஈரத்தோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். நாளைக்குத் தண்ணீர் வராது, பிடித்து வையுங்கள் என்பேன், மறுநாள் சொன்னபடி வராது. காலரா ஊசி தமிழ்ப்பள்ளியில் போடுகிறார்கள் என்பேன், போனால் ஊசி இருக்கும். ஆறு ஏறுகிறது, பிள்ளைகளை மேட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஒருமுறை மழையில் தொண்டை கிழியக் கத்தினேன், அன்று சாயங்காலமே முழங்கால் அளவுத் தண்ணீர். 'அந்தம்மா சொன்னா சரியா இருக்கும்' என்ற பேர் எனக்கு அப்படித்தான் வந்தது. எனக்குப் பெருமை தாங்காது. ஆயிரம் உண்மை சொன்ன வாயிலிருந்து வந்தால்தான் ஒரு பொய் விலைபோகும் என்று எனக்கு அப்போது தெரியாது, எங்கள் என்சிக்குக்குத் தெரிந்திருந்தது.

என்சிக் என்று நாங்கள் கூப்பிட்டது எங்கள் அதிகாரியை. கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. நோன்புப் பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்குக் கேக் அனுப்புவார், தீபாவளிக்கு நான் முறுக்கு கொடுத்தால் அங்கேயே நின்று சாப்பிடுவார். மலாயில் இரண்டு பக்கம் வரும் அறிக்கையைத் தமிழில் அரைப் பக்கமாக்கு என்பார். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு வீட்டுக்காரர் காதில் விழுவது நாலு வாக்கியம்தான் என்பார். நியாயமான பேச்சாகத்தான் பட்டது. கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தேன், நாங்கள் வெட்டுவது எப்போதும் ஒரே பத்தியை. கடைசிப் பத்தி. ஆட்சேபணை இருந்தால் எத்தனை நாளுக்குள், எந்த ஆபீசில், யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்கிற பத்தி. மலாயில் அது ஒழுங்காக இருக்கும், நோட்டீஸ் போர்டில் கண்ணாடிக்குள் தொங்கும். யாராவது கேட்டால், நாங்கள்தான் அறிவித்தோமே என்று காட்டலாம். தமிழில் கேட்டவனுக்கு மட்டும் அது இல்லை. கவனித்தேன் என்று எழுதினேனே, கேட்டேன் என்று எழுதவில்லை பார்.

இனி உன் மாமாவிடம் வருகிறேன். மாமா என்றதும் நீ நிமிர்ந்து உட்காருவாய். உனக்கு நாலு வயதில் மொட்டை போட்டுக் காது குத்தினோமே, அந்தப் படத்தில் நீ யார் மடியில் உட்கார்ந்திருக்கிறாய்? உன் அப்பாவின் கூட்டாளி மடியில். கூடப் பிறந்த தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் பண்டமாரானில் இருக்கும்போது யாரோ ஒருத்தர் மடியில் ஏன் உட்கார வைத்தீர்கள் என்று நீ பத்து வயதில் கேட்டாய், பதினெட்டு வயதிலும் கேட்டாய். மாமாவுக்குக் கோபக்குணம், சொத்துச் சண்டை என்று ஏதேதோ சொன்னேன். சண்டை போடுகிற அளவுக்கு எங்களுக்கு எந்தச் சொத்து இருந்தது? அப்பா விட்டுப்போனது ஒரு இரும்புப் பெட்டியும் இருமலும்தான். முழுப் பூசணிக்காயை இத்தனை வருஷம் சோற்றில் மறைத்து உனக்குப் போட்டிருக்கிறேன்.

மாமா துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற வேலை. பண்டமாரானை ஒட்டி ஒரு சின்னக் குடியிருப்பு, கம்பம் என்போமே, அங்கே மரவீடு கட்டியிருந்தான், அவனைப் போல நாற்பது குடும்பம். நிலம் அரசாங்கத்தினுடையது, வருஷா வருஷம் தற்காலிக லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். எழுதப் படிக்க அவனுக்குத்தான் கொஞ்சம் ஓடும் என்பதால் எல்லார் ஃபாரத்தையும் அவனே நிரப்பிக் கொடுப்பான். என் வண்டி அந்தப் பக்கம் போனால் வேண்டுமென்றே குறுக்கே வந்து நின்று, 'அக்கா, வீட்ல ஒரு குரலு, வண்டில ஒரு குரலா? அந்தக் குரல்ல ஒருதடவ என்னைச் சாப்பிடக் கூப்பிடேன்' என்பான். அப்படி ஒரு வாய். என்மேல் அப்படி ஒரு உசிரு.

அந்தக் கம்பத்து வழியாக லோரிகள் போக அகலமான ரோடு போட முடிவானது. முடிவு என்றால் முடிவுதான், வரைபடம்கூட வந்துவிட்டது, நானே பார்த்தேன். அதற்குப் பிறகுதான் 'மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம்' என்று என்னை வண்டியில் அனுப்பினார்கள். சனிக்கிழமை மத்தியானம், பாலாய் ராயா மண்டபத்தில், சிற்றுண்டி உண்டு என்று வாசித்தேன். வெள்ளிக்கிழமை என்சிக் என்னைக் கூப்பிட்டு, வருகிறவர்கள் கையெழுத்துப் போட ஒரு தாள் தயார் செய் என்றார். நம்பர், பெயர், ஐ.சி., வீட்டு நம்பர், கையெழுத்து. நான் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, தன் நாலு விரலைச் சேர்த்துத் தாளின் தலைமாட்டில் வைத்துக் காட்டினார். மேலே இவ்வளவு இடம் விடு, தலைப்பு பிறகு போட்டுக்கொள்ளலாம். நான் அவர் விரல் அளவுக்கு அளந்து விட்டேன். என் கோடுகள் எப்போதும் நேராக இருக்கும், அதற்கு எனக்குப் பாராட்டு உண்டு.

கூட்டத்தில் என்சிக் அரை மணி நேரம் பேசினார், நான் தமிழில் சொன்னேன். ரோடு வந்தால் நல்லது, விளக்கு வரும், கால்வாய் வரும். மாமா எழுந்து நின்றான். 'ரோடு வரட்டும். எங்கள எங்க வைப்பீங்க? அத எழுத்துல குடுப்பீங்களா?' என்று கேட்டான். நான் மலாயில் சொன்னேன். என்சிக் சிரித்துக்கொண்டே, நல்ல கேள்வி, நன்றி, கவனத்தில் எடுத்துக்கொள்வோம் என்றார். மாமா உட்காராமல், 'எடுத்துக்கிட்டு?' என்றான். மண்டபமே சிரித்தது. என்சிக்கும் சிரித்தார். பிறகு கறிபாப்புப் பலகாரமும் சிராப் தண்ணீரும் வந்தன, வாசலில் மேசை போட்டு நான் தாளோடு உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பொட்டலம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருத்தரும் முன்னால் வரவில்லை. எல்லாரும் மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவன் வந்து தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். 'இது எதுக்குக்கா? மேல ஒண்ணுமே எழுதல?' என்று கேட்டான். உன்னைப் போலத்தான் நானும் அவனுக்குப் பதில் சொன்னேன், ஐயா. 'டேய், எத்தனை பேர் வந்தாங்கன்னு கறிபாப்புக்குக் கணக்குடா. சும்மா போடு லா. நான்தானே உக்காந்திருக்கேன்.' அவன் பேனாவை வாங்கினான். முதல் நம்பரில் தன் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவன் போட்டதைப் பார்த்து மற்றவர்கள் வரிசையாகப் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே பேரெழுதிக் கட்டைவிரலைப் பிடித்து மையில் வைத்தேன். ஒரு கிழவி, கண் சரியாகத் தெரியாதவள், 'நீ காட்ற எடத்துல வைக்கிறேம்மா' என்றாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த விரலின் ஈரம் என் கையில் இருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் என்சிக் அந்தத் தாளையும் ஒரு துண்டுச் சீட்டையும் என் மேசையில் வைத்தார். தலைப்பை டைப் செய்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். சீட்டில் மலாயில் இரண்டு வரி. கீழே கையொப்பமிட்டவர்களாகிய நாங்கள் விளக்கம் பெற்றோம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, இடம் மாறச் சம்மதிக்கிறோம். எனக்கு மலாய் தெரியாது என்று சொல்ல முடியாது, அதற்குத்தான் எனக்குச் சம்பளமே. தாளை டைப்ரைட்டரில் சுருட்டி ஏற்றினேன். எழுதி முடித்த தாளை ஏற்றுவது சிரமம், கோணலாகப் போகும், நாலைந்து தடவை உருளையைத் திருப்பி நேராக்கினேன். அந்த இரண்டு வரியும் அந்த இடத்தில் அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தின. நான் அப்போது தற்காலிகக் கிராணி. அந்த மாதம்தான் நிரந்தரமாக்கும் கடிதம் வர வேண்டும், உன் அப்பாவுக்கு நிலையான வேலை இல்லை, நீ கைப்பிள்ளையிலிருந்து இப்போதுதான் இறங்கி ஓடுகிறாய். என்சிக் என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும். கோணல் இல்லாமல் டைப் செய்து அவர் தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். சாப்பிடவும் செய்தேன்.

மூன்று மாதம் கழித்து வீட்டுக் கதவுகளில் சிவப்புப் பெயின்டில் நம்பர் போட்டார்கள். மாமா ஆறேழு பேரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தான். நாங்கள் எப்போது சம்மதித்தோம் என்று கேட்டான். என்சிக் பொறுமையாகக் கோப்பைத் திறந்து தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தார். மாமா மேலிருந்து கீழே படித்தான், பிறகு என் மேசைப் பக்கம் திரும்பினான். 'அக்கா, இந்தத் தலைப்பு எப்ப வந்துச்சு?' அவ்வளவு மெதுவாக அவன் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. நான் சொன்னேன், 'எனக்குத் தெரியாதுடா.' அவன் என்னைப் பார்த்தான். மேசைமேல் இருந்த டைப்ரைட்டரைப் பார்த்தான். 'சரிக்கா' என்றான். கூட வந்தவர்களில் ஒருத்தர், 'அக்கா ஆபீசுல இருக்கா, தம்பி மொத ஆளா கையெழுத்துப் போடுறான், நாங்கதான்டா கிறுக்கனுங்க' என்று கத்திக்கொண்டே வெளியே போனார். மாமா கோப்பை மூடி என்சிக் பக்கம் தள்ளிவிட்டுப் பின்னாலேயே போனான்.

வீடுகளை உடைத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு என்று சொல்லிப் பண்டமாரானிலேயே தகரக் கூரை போட்ட நீள வீடுகளில் கொண்டு வைத்தார்கள், பத்து வருஷம் அங்கேயே கிடந்தார்கள். ஒரே தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்துகொண்டு மாமாவிடம் யாரும் பேசமாட்டார்கள். ஆபீசுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன், அக்காகூடச் சேர்ந்து கம்பத்தை விற்றவன் என்று பேர். சாவு வீட்டுக்குப் போனால்கூட எழுந்து நகர்ந்து உட்கார்வார்களாம். தாங்க முடியாமல்தான் பூச்சோங் போனான். அதற்கு முன்னால், உன் காதுகுத்துக்கு அந்த நீள வீட்டுக்கே நான் வெற்றிலை பாக்கோடு போய்க் கூப்பிட்டேன். தட்டை வாங்கிக்கொண்டான், உள்ளே கூப்பிடவில்லை, வரவும் இல்லை. ஒரு பேச்சு, 'நான்தான் டைப் செய்தேன், இவனுக்கு ஒன்றும் தெரியாது' என்று அந்த நீள வீட்டு முற்றத்தில் நின்று நான் ஒரு பேச்சுச் சொல்லியிருந்தால் போதும். நாலு தெருவுக்குக் கேட்கக் கத்துகிற குரல் எனக்கு. சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று முதலில் பயம், பிறகு வெட்கம், பிறகு அதுவே பழகிவிட்டது.

இப்போது உன் அதிகாரிக்கு வருகிறேன். அவர் எழுதுகிறதை எல்லாம் நான் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எப்படி என்று கேட்கிறாயா? கிள்ளான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைபர் கஃபே இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருக்கிற சீனப் பெண் 'ஆன்டி, வாங்க' என்று எனக்கு மூலை நாற்காலியைத் தட்டிப் போடும் அளவுக்கு நான் அங்கே வாடிக்கை. அவர் தினமும் காலையில் 'வணக்கம் நண்பர்களே' என்று ஆரம்பிக்கிறார். யார் எதைக் கேட்டாலும் நல்ல கேள்வி என்கிறார், நன்றி சொல்கிறார், மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டுபோகிறேன் என்கிறார். ஒரு மாதமாகப் பார்க்கிறேன், எந்த வரிசை, எந்தத் தேதி, எங்கே வீடு என்ற மூன்றுக்கும் இன்றுவரை ஒரு பதிலும் இல்லை. கவனத்தில் எடுத்துக்கொள்ளப்படும் என்ற வரியை என் கையால் எத்தனை தடவை தமிழாக்கியிருப்பேன்! தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அந்த அதிகாரியை நான் ஓநாய் என்று சொல்லவில்லை. அவர் நல்லவராகவே இருப்பார். நானும் நல்லவள்தான், ஐயா. நம் பாஷையில் சிரித்துப் பேசுகிற நல்ல ஆளாகப் பார்த்துத்தான் வாசலில் உட்கார வைப்பார்கள். எனக்குப் பயம் அவரைப் பார்த்து இல்லை, அவருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற உன்னைப் பார்த்து. பலகைக்காரத் தம்பி சொன்னால் சரியாக இருக்கும் என்று அந்தச் சனங்கள் ஐ.சி. நம்பரைத் தட்டுவார்கள். அவர்கள் நம்பப்போவது அரசாங்கத்தை இல்லை, உன்னை.

காலம் மாறிவிட்டது அம்மா, இப்போது எதையும் மறைக்க முடியாது, எல்லாம் திரையில் தெரியும் என்பாய். தெரியும். என் டைப்ரைட்டரில் ஒரு தாளை நேராக ஏற்றவே நாலு தடவை உருளையைத் திருப்ப வேண்டியிருந்தது. உன் கம்ப்யூட்டரில் ஒரே நிமிஷத்தில் எல்லார் தலைக்கு மேலும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், கோணல்கூட விழாது. புனைபெயரில் திட்டுகிறவர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று அவர் சொன்னதாகச் சொன்னாய். போன தீபாவளிக்கு நீயே சொல்லவில்லையா, 'கோப்பி ஓ கோசோங்' என்று, பாலும் சீனியும் போடாத கோப்பியின் பேரில் ஒருத்தர் எழுதுகிறார், பழைய கவர்ன்மென்ட் ஆளாக இருக்க வேண்டும், ஒவ்வொரு நோட்டீசிலும் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று நறுக்கென்று பிடிக்கிறார், அவரை ஒருநாள் பார்த்துக் கைகொடுக்க வேண்டும் என்று? உனக்கு அப்போது கோப்பி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தவள் யார்? எனக்குச் சீனி ஆகாது என்பதையாவது நீ யோசித்திருக்கலாம். மகனாம் மகன்.

சொந்தப் பேரில் எழுதியிருந்தால் என்னால் ஒரு வரி எழுதியிருக்க முடியாது. ஓய்வூதியம் வாங்குகிறவள், பயம் இருக்கும். குவார்ட்டர்சில் இன்னும் சாவி ஒப்படைக்காமல் இருக்கிறவனுக்கு என்னைவிட அதிகம் இருக்கும். ஆகவே உன் அதிகாரியிடம் மூன்று கேள்வி கேள். நேரில் கேட்காதே, பலகையிலேயே எல்லாரும் பார்க்கக் கேள். தலைப்பு என்ன வார்த்தை, அதை இப்போதே காட்டுங்கள். இந்தப் பெயர்கள் யார் மேசைக்குப் போகும்? பதியாதவன் கேட்டால் பதில் கிடையாதா? சொன்னால் நல்லது, நான் சந்தேகப் பிறவி என்று சிரித்துவிட்டுப் போ, எனக்குச் சந்தோஷம்தான். சொல்லாமல் நல்ல கேள்வி, நன்றி என்று எழுதினால், அந்தப் பக்கத்தை அழித்துவிடு. வாழை இலைச் சாப்பாடு நான் போடுகிறேன் உனக்கு.

இல்லை, திறந்தே தீருவேன் என்று நினைத்தாயானால், திங்கட்கிழமை எனக்கு முன்னால் வேறு யாரையும் பதிய விடாதே. முதல் நம்பரில் என் பேரைப் போடு. ஐ.சி. நம்பர் உனக்குத் தெரியும், கிள்ளான் வீட்டு நம்பரும் தெரியும். கோப்பி ஓ கோசோங் என்று அடைப்புக்குள் எழுது. மேலே என்ன வந்து உட்கார்ந்தாலும் அது முதலில் உன் அம்மா தலையில் உட்காரட்டும். மற்றவர்கள் என் பேரைப் பார்த்துத்தான் போட்டார்கள் என்று நாளைக்கு ஊர் பேசினால், நீ அதைக் காதால் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். என் தம்பி இருபத்திரண்டு வருஷம் கேட்டுக்கொண்டு இருந்தான்.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, உன் பலகையில் ஏற்றினாலும் சரி, எனக்கு ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை. நாளைக்குக் காலை பஸ்ஸில் நானே பூச்சோங் போகிறேன். தபாலில் போட்டால் பிரிக்காமல் வைத்துவிடுவான், அவன் பிடிவாதம் எனக்குத் தெரியும். கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நின்று வண்டிக் குரலில் முழுதும் வாசித்துவிட்டு வருவேன், அக்கம்பக்கம் எல்லாம் கேட்கட்டும். அந்தக் கம்பத்து ஆட்களில் யார் யார் உயிரோடு இருக்கிறார்களோ அவர்களிடம் காட்ட அவனுக்கு ஒரு தாள் வேண்டும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கொடுத்திருக்க வேண்டிய தாள். அதற்குத்தான் கார்பன். கையெழுத்தைத் தாளின் கடைசி விளிம்பில் போடுகிறேன், கீழேயும் இடம் விடவில்லை.

உன் அம்மா

நகல்: பூச்சோங்கில் இருக்கும் என் தம்பிக்கு. தலைப்பை டைப் செய்தது நான்.